கொரிய ஜஜாங்மியோன், பெய்ஜிங் ஜாஜியாங்மியென்: ஒரே மேசையில் வைத்து ருசி பார்ப்பது எப்படி?

இஞ்சிமரப்பா:

நாலு பேருக்கு ஒரே வேளையில் இரண்டையும் சமைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கத் திட்டம். கொரிய ஜஜாங்மியோன் ஒரு பக்கம், பெய்ஜிங் ஜாஜியாங்மியென் ஒரு பக்கம். ரெண்டுமே புளிக்கவைத்த பேஸ்டை எண்ணெயில் வறுத்துச் செய்யும் சாஸ் போட்ட நூடுல்ஸ்தான். யூடியூபில் ஆளுக்கு ஒரு அளவு சொல்றாங்க. இங்கேயே பழைய இழைகளில் பாதிப் பேர் "பெய்ஜிங் வகை ஒரே உப்பு"ன்னும், மீதிப் பேர் "கொரிய வகை தித்திப்பு, வழவழ"ன்னும் எழுதியிருக்காங்க. கேள்வி மூணு: எந்த பேஸ்ட் வாங்கணும், தலைக்கு எவ்வளவு சாஸ், எதை முதலில் பரிமாறணும்? எல்லாரும் போர்க் சாப்பிடுறவங்கதான்.

நூடுல்ஸ்சித்தர்:

உப்பு, தித்திப்பு ரெண்டு புகாருக்கும் காரணம் ஒண்ணுதான். ரெண்டையும் ஒரே அளவில் ஊத்திச் சாப்பிடுறாங்க. பெய்ஜிங் சாஸ் தொக்கு, கொரிய சாஸ் குழம்பு. தொக்கைக் குழம்புக் கரண்டியால் அள்ளி ஊத்தினா உப்புக் கரிக்காம என்ன செய்யும்?

தலைக்கு வேகவைத்த நூடுல்ஸ் 250 கிராம்னு வெச்சுக்கோ. பெய்ஜிங் சாஸ் 2 டேபிள்ஸ்பூன், அதாவது 40 கிராமுக்குள். கூடவே ஒரு கை நிறையப் பச்சைக் காய்கறி. காய்கறி அங்கே அலங்காரம் இல்ல, உப்பைத் தாங்குறதே அதுதான். கொரிய சாஸ் அதே நூடுல்ஸுக்கு 200 முதல் 250 கிராம். அதில் பாதிக்கு மேல வெங்காயமும் தண்ணியும்.

பேஸ்ட் விஷயம்: பெய்ஜிங்குக்கு ரெண்டு பேஸ்ட் வேணும். ஒண்ணு ஹுவாங்ஜியாங், சோயாபீன் அதிகம், உப்பு அதிகம். இன்னொண்ணு தியென்மியென்ஜியாங், பெரும்பாலும் கோதுமை மாவைப் புளிக்க வெச்சது, இனிப்பு. விகிதம் 2:1. பெய்ஜிங்காரங்க லியூபிஜூ கம்பெனியோட கெட்டி ஹுவாங்ஜியாங்கைத்தான் கேட்டு வாங்குவாங்க. களிமண் மாதிரி கட்டியா வரும், தண்ணி விட்டுக் கரைக்கணும். கொரியாவுக்கு ஒரே பேஸ்ட், சுன்ஜாங். சோயாபீன், கோதுமை மாவு, உப்பு, கேரமல். தார் கறுப்பா இருக்கும்.

கறுப்புமிளகு_77:

எதுக்கு இத்தனை பேஸ்ட்? லீ கும் கீ பிளாக் பீன் சாஸ் ஒரு பாட்டில் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்குதே. நிறமும் கறுப்புத்தான்.

மாவுக்கை:

வேண்டாம் மிளகு. அது தோவ்ச்சி, கறுப்பு சோயாவை முழுசா உப்பில் புளிக்க வைக்கிறது. தெற்கத்திச் சீனச் சமையல் பண்டம். பூண்டும் உப்பும் தூக்கலா இருக்கும், நூடுல்ஸில் போட்டால் வேற ஏதோ ஒரு நல்ல சாப்பாடு ஆகலாம், ஜஜாங்மியோன் ஆகாது. சுன்ஜாங்கில் கறுப்பு நிறம் பீன்ஸால் வர்றது இல்லை, கேரமலால் வருது. இங்கிலீஷ் லேபிளில் ரெண்டுக்கும் ஒரே பெயர் போட்டு விக்கிறதுதான் குழப்பத்துக்குக் காரணம். பாட்டிலைத் திருப்பிச் சேர்மானம் படிங்க. கோதுமை மாவும் கேரமலும் இருந்தா சுன்ஜாங். "உப்பிட்ட கறுப்பு பீன்ஸ், பூண்டு"ன்னு ஆரம்பிச்சா அது இல்லை.

ஹாய்சின் சாஸ், தொயென்ஜாங் ரெண்டும் மாற்று ஆகாது. ஹாய்சின்ல சர்க்கரையும் மசாலா வாசனையும் அதிகம். தொயென்ஜாங் கொரிய சோயா பேஸ்ட்தான், ஆனா அதை எண்ணெயில் வறுத்தா நாத்தம்தான் தூக்கும்.

சென்னையில் இருக்கிறவங்களுக்கு: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்யும் கொரியர்களை நம்பி நடக்கிற மளிகைக் கடைகளில் சுன்ஜாங் பாக்கெட் கிடைக்கும். ஹுவாங்ஜியாங் கஷ்டம், ஆன்லைன்தான்.

சைவப்பூனை:

சுன்ஜாங் சைவமா?

மாவுக்கை:

பேஸ்ட் மட்டும்னா பெரும்பாலும் ஆமா. ஆனா கெடாம இருக்கச் சில பிராண்டுகளில் ஆல்கஹால் சேர்ப்பாங்க, அதைத் தவிர்க்கிறவங்க லேபிள் பாருங்க. "வறுத்த சுன்ஜாங்"னு வர்ற பாக்கெட்டில் மிருகக் கொழுப்பு இருக்க வாய்ப்புண்டு. ரெடிமேட் சாஸ் பவுச்சில் போர்க் இருக்கும்.

நூடுல்ஸ்சித்தர்:

இப்ப சமையல். பெய்ஜிங் சாஸ் முதல்ல, ஏன்னா அதைக் காலையிலேயே செஞ்சு வெச்சிடலாம், ஆறினாலும் ஒண்ணும் ஆகாது.

நாலு பேருக்குப் போக எடுத்து வைக்கவும் மிஞ்சுற அளவு: கெட்டி ஹுவாங்ஜியாங் 200 கிராம், தியென்மியென்ஜியாங் 100 கிராம், ரெண்டையும் 250 மில்லி தண்ணியில் கட்டியில்லாம கரை. போர்க் பெல்லி 300 கிராம். கொழுப்பையும் கறியையும் தனித்தனியா பிரிச்சு, சுண்டுவிரல் நக அளவு சதுரமா வெட்டு. கீமா போடாதே, கறி கடிபட வேணும். எண்ணெய் 120 மில்லி. பயப்படாதே, பாதி மேல மிதந்து நிக்கும். இஞ்சி பொடியா நறுக்கி 1 டேபிள்ஸ்பூன், அன்னாசிப்பூ 1, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி பொடியா நறுக்கி 80 கிராம், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன். உப்பு கிடையவே கிடையாது.

எண்ணெயில் அன்னாசிப்பூவைப் பொரிச்சு எடுத்துப் போட்டுடு. கொழுப்புத் துண்டைச் சிம்மில் வெச்சு உருக்கு, ஓரம் பொன்னிறமானதும் கறித்துண்டு, இஞ்சி. கறியில் தண்ணி வத்தினதும் கரைச்ச பேஸ்டை ஊத்து. இனி 20 முதல் 25 நிமிஷம் சிம், அடுப்பை விட்டு நகரக்கூடாது. அடியைச் சுரண்டிக் கிளறிக்கிட்டே இரு, தியென்மியென்ஜியாங்ல இருக்கிற சர்க்கரைதான் முதல்ல பிடிக்கும்.

பதம் நேரத்தைப் பார்த்துச் சொல்றது இல்ல, குமிழியைப் பார்த்துச் சொல்றது. ஆரம்பத்துல பெரிய குமிழி, பொத் பொத்துன்னு வெடிச்சு கையில தெறிக்கும், எண்ணெய் கலங்கலா இருக்கும். அது தண்ணி இன்னும் இருக்குன்னு அர்த்தம். போகப் போகக் குமிழி சின்னதாகி நெருக்கமாகும், சத்தம் குறையும், நிறம் மண் பழுப்பிலிருந்து செம்பழுப்புக்கு மாறும். கடைசியில் கரண்டியால் ஒரு கோடு கிழிச்சா அந்தக் கோட்டுக்குள்ள தெளிஞ்ச எண்ணெய் வந்து நிறையும். அப்ப வெங்காயத்தாள், சர்க்கரை போட்டு 2 நிமிஷம் பிரட்டி இறக்கு.

அவசரப்பட்டுத் தீயை ஏத்தினா வெளியே கருகி உள்ளே பச்சை வாடை நிக்கும். பலரும் "இந்த பேஸ்டே இப்படித்தான் போல"ன்னு நினைச்சுக்கிற ஒருவிதப் புளிச்ச நெடி இருக்கே, அது வேகாத சாஸ்.

கறுப்புமிளகு_77:

120 மில்லி எண்ணெய் கொஞ்சம் ஓவர் சித்தரே. 50 போதாதா?

நூடுல்ஸ்சித்தர்:

50-ல் அடிப் பிடிக்கும். பேஸ்ட் பொரியணும், வேகக்கூடாது. வேண்டாத எண்ணெயைக் கடைசியில் வடிச்சு வெச்சு முட்டை பொரிக்கப் பயன்படுத்திக்கோ. சாஸை எடுத்து வைக்கிறதா இருந்தா வடிக்காதே. மேல எண்ணெய் ஒரு விரல் நின்னா ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிக்கும்.

ஊசிமிளகாய்:

பெய்ஜிங் தட்டுக்குக் காய்கறி பட்டியல் யாரும் சொல்லலையே. பச்சையாக: வெள்ளரி, முள்ளங்கி, ரெண்டும் தீக்குச்சி கனத்துக்குச் சீவணும். அங்கே வெளியே பச்சை, உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு முள்ளங்கி உண்டு, இனிப்பாக இருக்கும். கிடைக்காவிட்டால் சின்னச் சிவப்பு முள்ளங்கி. வெந்நீரில் 30 விநாடி போட்டு எடுக்க: முளைகட்டிய பயறு, கோஸ், செலரி. ஊறவைத்து வேகவைத்த சோயாபீன் ஒரு கைப்பிடி. பருவத்துக்கு ஏற்ப மாறும், வசந்தத்தில் ஷியாங்ச்சுன் மரத்தின் கொழுந்து கூடச் சேர்ப்பார்கள்.

அதைவிட முக்கியம் பச்சைப் பூண்டு. ஒரு பல்லை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, நூடுல்ஸ் ஒரு வாய், பூண்டு ஒரு கடி. பன்றிக் கொழுப்பின் கனத்தை வெட்டுவது அதுதான். ருசி பார்க்கிற நாளில் பூண்டு இல்லாமல் ஒரு வாய், பூண்டோடு ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்.

பெய்ஜிங்கில் ஹாய்வான்ஜூ மாதிரிக் கடைகளில் பரிமாறுபவர் காய்கறிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக டக் டக்கென்று கிண்ணத்தில் மோதிக் கவிழ்த்துவிட்டுப் போவார். சாஸ் தனிக் கிண்ணத்தில் இருக்கும். அதை மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள். பாதி போட்டுக் கலக்கி, ருசி பார்த்து, மீதி.

மாவுக்கை:

நூடுல்ஸ் பத்தி நான் சொல்றேன், இரண்டும் ஒரே மாவு இல்ல.

பெய்ஜிங்குக்கு மைதா 500 கிராம், தண்ணி 210 கிராம், உப்பு 5 கிராம். கெட்டியாகப் பிசைஞ்சு 30 நிமிஷம் மூடி வைங்க, திரும்பப் பிசைஞ்சு இன்னொரு 30. தேய்ச்சு 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டலாம், கையால் இழுக்கவும் செய்வாங்க. குளிர்காலத்தில் கொதிக்கிற பானையிலிருந்து நேரா கிண்ணத்துக்கு. வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணியில் அலசி. சூடா எடுத்தா மேல இருக்கிற மாவுப்பசை சாஸைப் பிடிச்சுக்கும், கலக்கத் தாமதிச்சா ஒட்டிக் கட்டியாகும். அலசினா வழுக்கும், சாஸ் கொஞ்சம் கூடுதலாக் கேக்கும்.

கொரிய நூடுல்ஸில் காரம் சேரும். மிளகாய்க் காரம் இல்ல, சோடியம் கார்பனேட் வகை. மஞ்சள் நிறமும் ரப்பர் மாதிரி இழுவையும் அதனால்தான். வீட்டில் செய்யணும்னா சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி ஓவனில் 130 டிகிரியில் ஒரு மணி நேரம் வைங்க. எடையில் மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும், மீதி இருக்கிறது சோடியம் கார்பனேட். 500 கிராம் மைதாவுக்கு அதில் 4 கிராம், உப்பு 5, தண்ணி 200. ஈரக்கையால் தொடாதீங்க, எரியும். கூடுதலாப் போட்டா சோப்பு வாடை வரும், நூடுல்ஸ் கசக்கும். அளவு மெஷின் இல்லாம இதைச் செய்யவே வேண்டாம்.

வேகவைத்ததும் குளிர்ந்த தண்ணியில் நல்லாத் தேய்ச்சு அலசுங்க, பிறகு கொதிநீரில் 10 விநாடி முக்கி உடனே வடிங்க. கொரியாவில் இருக்கிற சீன உணவகங்களில் செய்றது இதைத்தான். வடிக்காம ஈரத்தோட கிண்ணத்தில் போட்டா சாஸ் அஞ்சு நிமிஷத்தில் நீர்த்துப் போகும்.

இஞ்சிமரப்பா:

நன்றி மாவுக்கை அக்கா. கொரிய சாஸ் அளவு யாராவது?

ஹன்ஜாங்குடுவை:

நாலு பேருக்கு. சுன்ஜாங் 120 கிராம், எண்ணெய் 90 மில்லி. போர்க் தோள்பட்டைக் கறி 250 கிராம், 1 சென்டிமீட்டர் சதுரம். பெரிய வெங்காயம் 400 கிராம், இதைக் குறைக்கவே குறைக்காதீங்க, தித்திப்பில் பாதி இதுதான். கோஸ் 200, சுக்கினி 150. இஞ்சி ஒரு டீஸ்பூன், வெங்காயத்தாள் ஒண்ணு, சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன். தண்ணி 400 மில்லி. உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 2 டேபிள்ஸ்பூன், தண்ணி 4 டேபிள்ஸ்பூனில் கரைச்சது. உருளைக்கிழங்குத் துண்டு பழைய பாணி, போடலாம், போட்டா முதல்லயே வதக்கணும்.

சுன்ஜாங்கை அப்படியே நக்கிப் பார்த்தா கசப்பும் புளிப்பும். அதைப் போக்கத்தான் வறுக்கிறோம். எண்ணெய் மிதமாச் சூடானதும் போட்டு 3 முதல் 5 நிமிஷம். முதல்ல எண்ணெயோட சேராம கட்டி கட்டியா ஓடும், பிறகு ஓரத்தில் நுரைச்சு, வழவழப்பா மினுங்கும். அங்கேயே நிறுத்துங்க. இன்னும் ஒரு நிமிஷம் விட்டா மணல் மாதிரி இறுகி உருண்டையாகும், அந்தக் கசப்பை எந்தச் சர்க்கரையாலும் மாத்த முடியாது. சுன்ஜாங்கை எடுத்துட்டு எண்ணெயை மட்டும் வாணலியில் விடுங்க, மீதிச் சமையல் அந்த எண்ணெயில்தான்.

போர்க், கொழுப்பு இறங்கும் வரை. இஞ்சி, வெங்காயத்தாள். சோயா சாஸை வாணலியின் சூடான ஓரத்தில் ஊத்துங்க, சொய்ங்னு புகையணும். தீயை முழுசா ஏத்தி வெங்காயம் 2 நிமிஷம், கோஸ், சுக்கினி 1 நிமிஷம். சுன்ஜாங், சர்க்கரை, ஒரு பிரட்டு. இந்த இடத்தில் இறக்கினா அது கன்ஜஜாங், தண்ணியும் ஸ்டார்ச்சும் இல்லாதது, தனிக் கிண்ணத்தில் தருவாங்க, விலை கொஞ்சம் கூட. புசான் பக்கம் அதுக்கு மேல ஒரு பொரிச்ச முட்டை வெப்பாங்க. தண்ணி ஊத்தி 5 நிமிஷம் கொதிக்கவிட்டு, தீயைக் குறைச்சு ஸ்டார்ச் கரைசலை மூணு தவணையா விட்டா சாதாரண ஜஜாங்.

என் கருத்து: ஒப்பிட்டுப் பார்க்கிறதுன்னா கன்ஜஜாங்கையே செய்யுங்க. பெய்ஜிங் வகைக்கு அதுதான் நெருக்கம், வித்தியாசம் தெளிவாத் தெரியும்.

நூடுல்ஸ்சித்தர்:

இதில் எனக்கு உடன்பாடு இல்ல குடுவை. ஊரே சாப்பிடுறது ஸ்டார்ச் போட்டதை. நெருக்கமானதை எடுத்து நெருக்கமா இருக்குன்னு சொல்றதில் என்ன பயன்? தூரத்தைத்தானே ருசி பார்க்கணும்.

ஹன்ஜாங்குடுவை:

சரி, பிரட்டினதும் பாதியைத் தனியா எடுத்துட்டு, மீதிக்குத் தண்ணியும் ஸ்டார்ச்சும் பாதியளவு ஊத்துங்க. ஒரே வாணலியில் ரெண்டும் ஆச்சு.

ஒரு எச்சரிக்கை: பாக்கெட்டில் "வறுத்தது"ன்னு போட்டிருந்தா திரும்ப வறுக்காதீங்க. காய்கறி வதங்கினதும் நேரா போடுங்க.

சைவப்பூனை:

சோளமாவு போட்டா ஆகாதா? அப்புறம், சாப்பிடச் சாப்பிடக் கிண்ணத்தின் அடியில் சாஸ் தண்ணியாப் போறது ஏன்?

ஹன்ஜாங்குடுவை:

சோளமாவு ஆகும், ஆனா மங்கலாத் தெரியும், ஆறினா கூழா உறையும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் சீக்கிரம் கெட்டியாகும், கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதிக நேரம் கொதிக்கவிட்டா அதுவே தளர்ந்துடும்.

அடியில் தண்ணி: எச்சில். எச்சிலில் இருக்கிற அமிலேஸ்ங்கிற நொதி ஸ்டார்ச்சை உடைக்கும். கடிச்ச நூடுல்ஸ் கிண்ணத்தில் திரும்ப விழ விழ சாஸ் நீர்க்கும். காய்கறியிலிருந்தும் கொஞ்சம் தண்ணி இறங்கும். அதான் கொரியாவில் வந்த உடனே மொத்தமாக் கலந்து சட்டுனு சாப்பிடுறது. பெய்ஜிங் சாஸில் சேர்த்த ஸ்டார்ச் இல்ல, எண்ணெய்தான் பிடிச்சு வைக்குது, அதனால் கடைசி வாய் வரை மாறாது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க மறக்காதீங்க.

சைவத்துக்கு: பெய்ஜிங்கிலேயே முட்டை போட்ட சாஸ், கத்தரிக்காய் போட்ட சாஸ் ரெண்டும் வீட்டுச் சமையலில் உண்டு. கத்தரிக்காயைச் சதுரமா வெட்டி முதல்ல எண்ணெயில் பொரிச்சு வடிச்சுட்டுப் போடுங்க, பச்சையாப் போட்டா இருக்கிற எண்ணெயை எல்லாம் உறிஞ்சிடும். கொரிய வகைக்குக் காளான், கூடவே வெங்காயம் 500 கிராமாக்குங்க. போர்க் மட்டும் வேண்டாம்னா பெய்ஜிங் முஸ்லிம்கள் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போட்டுச் செய்றதையே பின்பற்றலாம்.

ஊசிமிளகாய்:

இரண்டும் எங்கே பிரிந்தன என்று ஒரு சிறு குறிப்பு. 1883-ல் கொரியாவின் இஞ்சியோன் துறைமுகம் திறந்தபின் அங்கே குடியேறிய சீனர்களில் பெரும்பாலோர் ஷாண்டோங் மாகாணத்தவர். அவர்கள் கொண்டுவந்தது தியென்மியென்ஜியாங் பழக்கம். கொங்ஹ்வாச்சுன் என்ற உணவகம் 1912 முதல் அந்தப் பெயரில் நடந்து 1983-ல் மூடப்பட்டது. கட்டடம் 2012 முதல் ஜஜாங்மியோன் அருங்காட்சியகம். திருப்புமுனை சாஸ் ஆலையில்தான். ஷாண்டோங்கிலிருந்து வந்த வாங் சோங்சான் 1948-ல் தொடங்கிய யொங்ஹ்வா நிறுவனம், சிங்க முத்திரை சுன்ஜாங்கில் கேரமல் சேர்த்தது. நாள்படப் புளிக்கவைத்தால் வரும் கறுப்பும் இனிப்பும் உடனே கிடைத்தன. கொரியப் போருக்குப் பின் அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவும், 1960-70களில் அரிசியைக் குறைத்து மாவுப் பண்டம் சாப்பிடச் சொன்ன அரசுப் பிரசாரமும் மீதியைச் செய்தன. தண்ணீரும் ஸ்டார்ச்சும் சேர்ந்தால் அதே பேஸ்ட் பலமடங்கு கிண்ணங்களுக்கு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கறுப்புமிளகு_77:

சாப்பகெட்டி இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பாக்கெட்டை வெச்சே ஒப்பிடலாம்ல?

மாவுக்கை:

கொரியாவின் நோங்ஷிம் கம்பெனி 1984-ல் கொண்டுவந்த பண்டம் அது. தனக்குன்னு ஒரு ருசி இருக்கு, ஆனா கடை ஜஜாங்மியோனுக்குப் பதிலாள் இல்ல. சாஸ் பொடி, எண்ணெயில் வறுத்த சுன்ஜாங் வாசனை கிடையாது. 600 மில்லி தண்ணியில் வேகவைச்சு, 8 ஸ்பூன் தண்ணி மட்டும் விட்டுட்டு வடிச்சு, பிறகு பொடி. தண்ணியை முழுசா வடிச்சா பொடி திட்டுத் திட்டா ஒட்டும். பாக்கெட்தான்னா பால்டோவின் திரவ சாஸ் வர்ற வகை கொஞ்சம் நெருங்கும்.

இஞ்சிமரப்பா:

பரிமாறும் வரிசை மட்டும் பாக்கி.

நூடுல்ஸ்சித்தர்:

பெய்ஜிங் முதல்ல. இனிப்பு நாக்கில் படிஞ்ச பிறகு உப்பு சாஸைச் சாப்பிட்டா உப்பு இன்னும் எடுப்பாத் தெரியும். கிண்ணத்தில் கலக்கும் முன்னாடி ரெண்டு பேஸ்டையும் பச்சையா ஒரு துளி, வறுத்தது ஒரு துளி எல்லாருக்கும் நாக்கில் வைக்கக் கொடு. பிறகு வெறும் நூடுல்ஸோட சாஸ், அப்புறம்தான் காய்கறி. நடுவில் டன்முஜி, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், அதுக்கு மேல கொஞ்சம் வினிகர் தெளிச்சு. பச்சை வெங்காயத்தைச் சுன்ஜாங்கில் தொட்டுக் கடிக்கிறதும் கொரிய மேசைப் பழக்கம்தான்.

அடுப்பு வரிசை: காலையில் பெய்ஜிங் சாஸ், மாவு ரெண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி காய்கறி சீவல். பெய்ஜிங் கிண்ணத்தை மேசையில் வெச்சபிறகுதான் கொரிய வாணலியைத் தீயில் வை. சுன்ஜாங்கை மட்டும் முன்கூட்டியே வறுத்து எண்ணெயோட வெச்சிடலாம்.

ஊசிமிளகாய்:

மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் ஜப்பானின் மொரியோக்கா நகரத்து ஜாஜாமென். மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள் வழியாக வந்தது, பைரோன் கடைதான் பெயர்பெற்றது. தட்டையான உடோன் போன்ற நூடுல்ஸ், இறைச்சி சேர்த்த மிசோ (ஜப்பானிய சோயா பேஸ்ட்), வெள்ளரி, இஞ்சி, மேசையில் வினிகரும் மிளகாய் எண்ணெயும் பூண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்து, அதில் ஒரு முட்டையை உடைத்துக் கலக்கிக் கொடுத்தால், நூடுல்ஸ் வெந்த கொதிநீரையும் மிசோவையும் ஊற்றித் தருவார்கள். ச்சீத்தன்தன் என்று பெயர். பெய்ஜிங் கிண்ணத்து மிச்சத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். நூடுல்ஸ் நீர் நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை பச்சையாகவே நிற்கும்.

இஞ்சிமரப்பா:

அருமை. மிச்சமாகும் கொரிய சாஸை மறுநாள் சோத்துக்குப் போட்டுக்கலாமா?

ஹன்ஜாங்குடுவை:

போடலாம், ஜஜாங்பாப்னு கடையிலேயே விக்கிறாங்க. ஆனா எடுத்து வைக்கிறது கன்ஜஜாங் பாதியா இருக்கட்டும். ஸ்டார்ச் ஊத்தினது ஃப்ரிட்ஜில் உறைஞ்சு, சுடவைக்கும்போது தண்ணி தனியாப் பிரியும். மறுநாள் தேவையான தண்ணி ஊத்திக் கொதிக்கவெச்சு, அப்ப புதுசா ஸ்டார்ச் விடுங்க. சோத்துக்குன்னா நூடுல்ஸுக்கு விட்டதைவிடக் கொஞ்சம் தளர்வா.